ஒரு காட்சிப்பேழையின் மூன்று காலங்கள்: ஏக்லி கூடமும் ஆல்பர்ட் பூங்காவும்

நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்கப் பாலூட்டிகள் கூடம் 1936ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதைத் திட்டமிட்ட கார்ல் ஏக்லியோ 1926 நவம்பரிலேயே பெல்ஜியக் காங்கோவின் மிக்கேனோ மலைச் சரிவில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தார். இந்த இடைவெளியைப் பெரிதாகக் கொள்ளாமல், கூடம் முழுவதையும் ஒரே நோக்கத்தின் வெளிப்பாடாக வாசிக்கும் போக்கு டோனா ஹாரவே 1984இல் வெளியிட்ட 'டெடி பேர் பேட்ரியார்க்கி' என்னும் கட்டுரையால் வலுப்பெற்றது. காட்சிப்படுத்தல், இனமேம்பாட்டியம் (அதாவது 'தகுதியுள்ள' மரபினர் பெருகவும் ஏனையோர் குறையவும் மனித இனப்பெருக்கத்தை நெறிப்படுத்தலாம் என்ற கொள்கை), இயற்கைப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் வெள்ளை ஆண் மேட்டுக்குடியின் சரிவச்சத்துக்கு மருந்தாக இணைந்தே செயல்பட்டன என்பது அவர் முடிபு. பின்வந்தோர் பலர் இதை ஆய்ந்து ஏற்றதைவிட எடுத்தாண்டதே மிகுதி.

ஹாரவேயின் சான்றுகளை எளிதில் தள்ளிவிட இயலாது. அருங்காட்சியகத் தலைவர் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பார்ன் இனமேம்பாட்டியத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். அக்கொள்கையின் இரண்டாம் பன்னாட்டு மாநாடு 1921இல் அதே கட்டடத்தில்தான் நடைபெற்றது. ஏக்லியின் பயணங்களைத் தாங்கி நின்ற ஆப்பிரிக்கத் துணைவர்கள் அவருடைய எழுத்தில் எவ்வாறு சிறுத்துப் போகிறார்கள் என்பதையும் ஹாரவே நுட்பமாகவே காட்டுகிறார். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. சென்ட்ரல் பார்க் பக்கத்து வாயிலில் குதிரைமீது அமர்ந்த ரூஸ்வெல்ட் சிலையிலிருந்து தொடங்கி, நினைவு மண்டபத்தைக் கடந்து கொரில்லாப் பேழை வரை வாசகரை அவர் நடத்திச் செல்கிறார்; அந்த நடையின் ஒழுங்கே அவருடைய வாதத்தின் ஒழுங்காகவும் அமைகிறது. ஆனால் அச்சிலை நிறுவப்பட்டது 1940இல், கூடம் திறந்து நான்கு ஆண்டுகள் கழித்து. 1936இல் உள்ளே நுழைந்தவர் அதைக் கடந்து வரவில்லை. 2022இல் அது அகற்றப்பட்டபின் வருபவரும் கடப்பதில்லை. எண்பது ஆண்டுகளுக்குச் சற்று மிகுந்த காலமே நிலவிய வாயிலமைப்பைக் கொண்டு, அதற்கு முன்பே மறைந்த ஒருவரின் உள்நோக்கத்தை நிறுவுவது வரலாற்று முறைக்கு ஒவ்வாது. மைக்கேல் ஷட்சன் 1997இல் ஹாரவேயின் கட்டுரையை மறுத்து எழுதியதுண்டு. இங்கு எழுப்பப்படுவது காலவரிசை பற்றிய தனி வினா.

அவ்வினாவுக்குத் தக்க களம் கொரில்லாப் பேழையே. டயோரமா எனப்படும் இவ்வகைப் பேழையில் முன்புறம் பதப்படுத்திய விலங்குகளும், நடுவே செயற்கைச் செடிகளும், பின்புறம் வளைந்த சுவரில் தீட்டிய நிலக்காட்சியும் ஒரே தோற்றமாக இணையும். பார்வையாளர் கண்ணுக்கு எல்லாம் ஒரு கணத்தில் நிகழ்வதாகப் படுவதே இக்கலையின் வெற்றி. ஆய்வாளரை இடறச் செய்வதும் அதுவே. பேழையிலுள்ள கொரில்லாக்கள் 1921ஆம் ஆண்டுப் பயணத்தில் மிக்கேனோ, காரிசிம்பி மலைகளில் கொல்லப்பட்டவை. மார்பில் அறைந்து நிற்கும் பெரிய ஆண், உடன்சென்ற ஹெர்பர்ட் பிராட்லி சுட்டது. அவற்றின் பின்னால் விரியும் எரிமலைக் காட்சியோ 1926ஆம் ஆண்டுப் பயணத்தில் ஓவியர் வில்லியம் லீ அங்கேயே இருந்து தீட்டிய வரைவுகளிலிருந்து உருவானது. செடிகொடிகளின் மாதிரிகளும் அப்போது திரட்டப்பட்டவை, அதுவும் ஏக்லி இறந்தபின் அவர் மனைவி மேரி ஜோப் ஏக்லியின் பொறுப்பில். இவை கூடத்தில் ஒன்றுசேர்ந்து பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 1936இல்.

விலங்குக்கும் ஓவியத்துக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டில்தான் இக்கட்டுரைக்கு இன்றியமையாத நிகழ்ச்சி நடந்தது: 1925 ஏப்ரல் 21இல் பெல்ஜிய அரசாணை ஒன்று அம்மலைகளை ஆல்பர்ட் தேசியப் பூங்காவாக்கிக் கொரில்லாக்களுக்குப் புகலிடம் அளித்தது. ஆக, முன்னால் நிற்கும் விலங்குகள் வேட்டைநிலத்தைச் சேர்ந்தவை, பின்னால் தெரியும் நிலமோ காப்புநிலம். ஓவியத்தில் பூங்காவைக் குறிக்கும் அடையாளம் ஏதுமில்லை என்பது உண்மைதான். எனினும் 1926ஆம் ஆண்டுக் குழுவில் பெல்ஜிய விலங்கியலாளர் ழான்-மரி டெர்ஷைட் கொரில்லாக்களையும் நிலப்பரப்பையும் ஆராயும் பணியோடு இடம்பெற்றிருந்தார். ஓவியரின் பயணமும் ஆய்வாளரின் பயணமும் ஒன்றாகவே இருந்தமையால், அந்த நிலக்காட்சியைப் பூங்காவின் தொடக்ககால ஆவணங்களுள் ஒன்றாகக் கொள்வதே பொருத்தம். ஹாரவே பாதுகாப்பை வேட்டையின் மறுமுகமாகக் காண்கிறார். பேழையின் அடுக்குகளோ ஒன்று மற்றொன்றாக மாறிய கால இடைவெளியைக் காட்டுகின்றன. அதே 1921இல் அதே மலைகளில் சுவீடன் இளவரசர் வில்ஹெல்மின் குழு 14 கொரில்லாக்களைச் சுட்டது. அந்த வேட்டையிலிருந்து பூங்காக் கோரிக்கை எதுவும் எழவில்லை. வேட்டையும் பாதுகாப்பும் இயல்பிலேயே ஒன்றென்றால் இவ்வேறுபாட்டுக்கு விளக்கம் கிடைக்காது.

இதனால் ஏக்லியைத் தூயவராக்க வேண்டியதில்லை. காலனிய ஆணையால் பிறந்த பூங்கா, அந்நிலத்தில் வேட்டையாடியும் மேய்த்தும் வாழ்ந்த மக்களின் உரிமைகளைச் சுருக்கியது. கண்டனம் கூர்மையாக விழவேண்டிய இடமும் அதுவே. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் விலங்கைவிட, 1925 ஆணையும் பூங்காவை விரிவாக்கிய 1929 ஆணையும் அம்மக்களின் வாழ்வை நேரடியாகத் தொட்டன.

பூங்கா என்னும் எண்ணம் யாருடையது என்பதில் தெளிவில்லை. ஏக்லி ஆஸ்பார்ன் வழியாகவும், கார்னெகி நிறுவனத்தின் ஜான் மெரியம் வழியாகவும், அமெரிக்காவிலிருந்த பெல்ஜியத் தூதர் வழியாகவும் அரசர் ஆல்பர்ட்டிடம் கோரிக்கையைக் கொண்டுசென்றார். அரசரோ 1919இலேயே அமெரிக்கப் பயணத்தில் அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். இவற்றுள் எதை வித்து என்பது, எதை நீர் என்பது என்று தீர்ப்பதற்கு இவ்விரு செய்திகள் மட்டும் போதா. காப்பின் தொடக்கத்தை 1921இல் வைப்பதா 1919இல் வைப்பதா என்பது இப்போதைக்குத் திறந்த வினாவே. 1936இல் திறந்த கூடத்தைச் சான்றாகக் காட்டி அதற்கு விடை கூற முடியாது.