பெட்டி இல்லாத சுவிட்ச்

வந்து சேரும் அழைப்பையோ தகவலையோ உரியவரிடம் திருப்பிவிடுவதே சுவிட்சின் வேலை. இந்தியாவில் அந்த வேலையை முதலில் மனிதர்களே செய்தார்கள். 1882-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் திறக்கப்பட்ட தொலைபேசி இணைப்பகங்களில், எந்தத் துளை யாருடையது என்று அறிந்து பிளக்கைச் செருகியவர் ஆபரேட்டர். பெருநகரங்கள் தானியங்கி முறைக்கு மாறிய பிறகும் சிற்றூர்களில் வெளியூருக்கு ட்ரங்க் கால் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாகவே இருந்தது.

விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டை போன்ற ஊர்களின் அளவுக்கு ஏற்ற இணைப்பகத்தை வடிவமைத்தது, 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம். 128 முனைகள் கொண்ட அந்த ‘ராக்ஸ்’ 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதன்முதலில் இயங்கியது. ஏ.சி. இல்லாமலே வெயிலையும் புழுதியையும் தாங்கியதுதான் அதன் பெருமையாகப் பேசப்பட்டது. வரலாற்று நோக்கில் அதைவிட முக்கியமானது, யாரை யாரோடு இணைப்பது என்ற முடிவை அதில் மென்பொருளே எடுத்ததுதான்.

கணினி வலையமைப்பில் சுவிட்சைத் தனிப் பெட்டியாக விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனம் கல்பனா. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் அமெரிக்காவில் தொடங்கிய அந்த நிறுவனம் 1990-இல் ஏழு முனைகளுடன் ஈதர்நெட் சுவிட்சை வெளியிட்டது. 1994-இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எந்த முனையில் இருக்கிறது என்பதை, வந்துபோகும் தகவலைப் பார்த்தே சுவிட்ச் கற்று, ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும்.

2001-இல் விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ் மென்பொருள் வந்ததும் ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது மென்பொருளாலான கணினிகள், குடியேறின. அவற்றில் இரண்டு தமக்குள் பேச வேண்டுமானால் வெளியே உள்ள சுவிட்ச் உதவாது. ஒரு முனையில் வந்த தகவலை அதே முனை வழியாக அது திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே சர்வரின் நினைவகத்திலேயே மென்பொருளாக ஒரு சுவிட்ச் தேவைப்பட்டது. விஎம்வேரின் சாதாரண மெய்நிகர் சுவிட்ச் முகவரிகளைக் கற்பதுகூட இல்லை. இயந்திரத்தை உருவாக்கும்போதே அதன் முகவரி தெரிந்துவிடுகிறதே! இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரம் வேறு சர்வருக்கு இடம்பெயர்ந்தால், புதிய சர்வர் ‘இனி இங்கே’ என்று வெளி சுவிட்சுக்கு ஒரு சிறு அறிவிப்பை அனுப்பும். பழைய குறிப்பு அங்கே திருத்தப்படும்.

மெய்நிகர் சுவிட்சை அமைக்கும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் சுவிட்சின் வகை எக்ஸ்டர்னல் என்றால் சர்வரின் நெட்வொர்க் கார்டு வழியே வெளியுலகம் திறக்கும். இன்டர்னல் என்றால் சர்வரோடும் சக இயந்திரங்களோடும் மட்டும் பேச்சு. பிரைவேட்டில் சர்வருக்கும் இடமில்லை. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும், வலையமைப்பைப் பிரிவுகளாகப் பிரிக்கும் விலான் எண்ணில்தான். உள்ளே கொடுத்த எண்ணை வெளி சுவிட்சின் முனை அனுமதிக்காவிட்டால், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும், இணைப்பைச் சோதிக்கும் பிங் மட்டும் போகாது.

சுவிட்ச் சர்வருக்குள் வந்ததால் அலுவலகங்களில் ஒரு பஞ்சாயத்தும் எழுந்தது. சர்வருக்குள் இருக்கும் சுவிட்சை சர்வர்க்காரர் கவனிப்பதா, நெட்வொர்க்காரர் கவனிப்பதா? நெட்வொர்க்காரர்களுக்குப் பழகிய கட்டளைகளோடு சிஸ்கோ 2008-இல் அறிவித்த நெக்ஸஸ் 1000வி என்ற மெய்நிகர் சுவிட்ச் இதற்கான பதில்தான். அடுத்த ஆண்டு நிசிரா நிறுவனத்தார் ஓப்பன் விசுவிட்ச் என்ற மெய்நிகர் சுவிட்சைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். 2012-இல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. அதே ஆண்டு விஎம்வேர் 126 கோடி டாலருக்கு நிசிராவை வாங்கியது. பெரிய தரவு மையங்களில் தகவல் பெருகப் பெருக மெய்நிகர் சுவிட்ச் மென்பொருளே சர்வரின் பிராசஸர் நேரத்தைத் தின்னத் தொடங்கியது. அங்கெல்லாம் இப்போது சுவிட்சின் வேலையை மறுபடியும் நெட்வொர்க் கார்டின் சிப்புக்கே மாற்றி வருகிறார்கள்.