விதைத் தேயிலையும் பதினைந்து சோடிகளும்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் பழைய விதைத் தேயிலை மலையையும் அதை அடுத்த, வெட்டுத்தண்டுகளால் பெருக்கிய வி.பி. மலையையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வி.பி. மலையில் கொழுந்து ஒரே நிறம், ஒரே போக்கு. விதைத் தேயிலையிலோ ஒரு செடிக்கு அகன்ற வெளிர்பச்சை இலை, பக்கத்துச் செடிக்குச் சிறுத்துக் கறுத்த இலை. ஒன்று முந்தித் துளிர்க்கும், மற்றது அசையாமல் கிடக்கும்.

1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்க்க, மலைநாடு முழுவதும் தேயிலை விதை இறங்கியது. ஒரு மரத்து விதைகள் ஏன் இப்படி ஆளுக்கொரு விதமாக முளைக்கின்றன என்று சொல்ல அன்று எவருமில்லை. பாரம்பரியம் பற்றிய மெண்டலின் கட்டுரை 1866இலேயே அச்சாகியும் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

விடை துண்டு துண்டாக வந்தது. 1883இல் வான் பெனடன், உருளைப்புழுவின் கருவுக்குத் தாயும் தந்தையும் சம எண்ணிக்கையில் நிறமூர்த்தங்களைத் தருவதைக் கண்டார். அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை இரட்டிக்க வேண்டுமே! எங்கோ அது பாதியாகியே தீர வேண்டும் என்று 1887இல் வாதிட்டவர் வைஸ்மான். 1902, 1903இல் சட்டனும் பொவேரியும் பாரம்பரியத்தை நிறமூர்த்தங்களோடு பிணைத்தார்கள். எண்ணிக்கையைப் பாதியாக்கும் அந்த ஒடுக்கற்பிரிவுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயரை 1905இல் ஃபார்மரும் மூரும் இட்டார்கள்.

தேயிலைக் கலங்களில் நிறமூர்த்தங்கள் 30, அதாவது 15 சோடிகள். வெள்ளைப் பூவின் மகரந்தக்கூட்டுக்குள், ஒடுக்கற்பிரிவின் முதலாம் முன்னவத்தையில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன் சோடியோடு ஒட்டித் துண்டுகளை மாற்றிக்கொள்கிறது. முதலாம் அனுவவத்தையில் சோடிகள் கலத்தின் நடுவே வரிசையாகின்றன. தாய்வழி வந்தது எந்தப் பக்கம் நிற்கும் என்பது ஒவ்வொரு சோடிக்கும் தனித்தனி அதிர்ஷ்டம். மேன்முகவவத்தையில் சோடிகள் பிரிந்து எதிரெதிர் முனைகளுக்கு இழுபடுகின்றன. சகோதர அரைநிறவுருக்களை மையப்பாத்தில் பிணைக்கும் புரதம் அப்போது அறுவதில்லை. இரண்டாம் பிரிவில்தான் அறுகிறது. முடிவில் 15 நிறமூர்த்தங்கள் கொண்ட நான்கு கலங்கள்.

துண்டு மாற்றத்தை விட்டுவிட்டாலும் ஒரு செடி 32,768 வகைச் சேர்க்கைகளைத் தரலாம். தேயிலைப் பூ தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காததால் மறு பாதி வேறு செடியிலிருந்து வருகிறது. பெருக்கினால் நூறு கோடியைத் தாண்டும். கலைந்து நிற்கும் விதைத் தேயிலை மலைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் (டி.ஆர்.ஐ.) தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டு, இந்தக் குலுக்கலைத் தவிர்க்கும் வழியை வளர்த்தெடுத்தது. ஓர் இலையும் கணுவுமாக வெட்டிய தண்டைத் தவறணையில் வேர்விடச் செய்தால் அங்கே நடப்பது இழையுருப்பிரிவு மட்டுமே. 30 நிறமூர்த்தங்களும் பிரதியெடுத்தபடி அப்படியே போய்ச் சேரும். ஆனால் நல்ல வி.பி. தாய்ச்செடியைத் தந்ததும் ஒருகாலத்தில் அதே குலுக்கல்தான். பரவலாக நடப்பட்ட டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026 ஆகியவை ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே செடியின் விதை வழி வந்தவை. உடன்பிறப்புகளானாலும் குணம் வேறு.

பிரிவு தவறினால் என்னவாகும் என்பதற்கு அசாமின் டோக்லாய் நிலையம் வெளியிட்ட டி.வி. 29 சாட்சி. மூன்று தொகுதிகளாக 45 நிறமூர்த்தங்கள் கொண்டது அது. மூன்றை இரண்டு முனைகளுக்குச் சமமாகப் பங்கிட முடியாததால் அதன் விதையை நம்ப முடியாது. கொழுந்து பறிக்கும் தோட்டத்துக்கு அது ஒரு குறையே அல்ல. சென் கூம்ஸின் இனவிருத்தியாளருக்கோ விதை வேண்டும். புதிய வகை தேடும்போது அவர் மறுபடி பூக்களைக் கலந்து, முளைத்த நாற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்துவர வேண்டியிருக்கிறது.