தபால் முத்திரையில் ஊர்ப் பெயர்

தபால் தலை சேகரிக்கும் மாணவர்கள் தலையைத்தான் போற்றுகிறார்கள். அதன்மேல் விழுந்த கரிய முத்திரையை ஒரு கறை என்றே எண்ணுகிறார்கள். முத்திரை படாத தலைக்கே விலை மிகுதி என்று வணிகர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. வரலாறு பயில்வோனுக்கோ நிலைமை நேர்மாறானது. தலை எங்கோ லண்டனிலோ நாசிக்கிலோ இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்டது. ஒன்றைப் போலவே மற்றொன்று. முத்திரையோ ஓர் ஊரில், ஒரு நாளில், ஒருவர் கையால் குத்தப்பட்டது. அந்த ஊர் எதுவெனக் கண்டறிவது சில வேளைகளில் கல்வெட்டைப் படிப்பது போன்ற வேலையாகிவிடும். அவ்வேலையைப் பற்றியே, மதுரையையும் அதன் சுற்றுப்புறத்து ஊர்களையும் சான்றாகக் கொண்டு, இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

1854ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இந்தியா முழுமைக்கும் பொதுவான தபால் தலைகள் வழக்கத்திற்கு வந்தன. கால் தோலா எடையுள்ள கடிதம் அரை அணாவில் நாட்டின் எம்மூலைக்கும் சென்றது. தலைகள் தோன்றுமுன்னரே ஊர்ப் பெயர் முத்திரைகள் உண்டு. எனினும், ஒருமுறை பயன்பட்ட தலையை மீண்டும் ஒட்டாதவாறு அழிப்பதற்கென்றே இப்போது வேறு முத்திரைகள் ஏற்பட்டன. அவற்றுள் பலவற்றில் பெயரே இராது. கோடுகளும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். 1867 வரை இந்திய அரசின் கீழ் இருந்த சிங்கப்பூருக்கு வழங்கிய முத்திரை 'பி' என்னும் எழுத்தும் 172 என்னும் எண்ணும் ஆகும். பட்டியலை அறியாதவன் அதில் சிங்கப்பூரைக் காண இயலுமா? எண் முத்திரைக்காவது பட்டியல் உண்டு. பெயர் முத்திரையில் வரும் இடர்களுக்குப் பட்டியல் மட்டும் போதாது.

கிரேக்க நாட்டுத் தலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் முதல் தலைகள் 1861இல் வெளிவந்தன. தேவர்களின் தூதனாகிய ஹெர்மீஸின் முகம் அவற்றில் பொறிக்கப்பட்டது. தூதனைத் தபாலுக்குத் தெய்வமாக்கியது பொருத்தமே. அத்தலைமேல் பட்ட முத்திரையைப் படிக்கப் புகும் நம் மாணவன், பழகிய ஆங்கில எழுத்துகளே என்று எண்ணி ஏமாறுவான். 'பி' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் ஓர் எழுத்து இருக்கும். அதன் ஒலி ரகரம். 'எச்' போல ஒன்று இருக்கும். அதன் ஒலி ஈகாரம். வடிவம் பழகியது, ஒலி அயலானது. இதனோடு பெயரும் மாறுகிறது. பழைய முத்திரைகளில் ஏதென்ஸ் நகரம் 'அதினே' என்றிருக்கும். மக்கள் பேச்சில் அது 'அதினா'. 1976இல் பேச்சு வழக்கு ஆட்சிமொழியான பின் 'அதினா' என்பதே எழுத்திலும் நிலைத்தது. எழுதும் பெயர் வேறு, பேசும் பெயர் வேறு என்னும் இந்த இருமை நமக்குப் புதியதன்று.

நம் ஊர்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் முத்திரையேறியபோது நேர்ந்ததும் இதுவே. 'சி, யூ, எம், பி, யூ, எம்' என்று ஒரு முத்திரை. 'கும்பும்' என்று படித்தால் ஊர் கிடைக்காது. ஆங்கிலேயர் நம் அகரத்தை எழுதப் பல இடங்களில் 'யூ' என்னும் எழுத்தைக் கையாண்டார்கள். அவ்வாறு கொண்டால் 'கம்பம்' என்று ஒலிக்கும். அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்து, இன்று தேனி மாவட்டத்தில் அடங்கிய கம்பம் அது. இத்துடன் வேலை முடிந்ததா எனின், இல்லை. இதே எழுத்துக்கூட்டலில் இன்னொரு கம்பம் ஆந்திர நாட்டில் உண்டு. பெரிய ஏரிக்குப் பெயர் பெற்ற ஊர். இரண்டும் அன்று சென்னை மாகாணத்திலேயே இருந்தன! உறையின் மேல் எழுதிய முகவரி, கடிதம் எவ்வூர் வழியாகச் சென்றது என்று காட்டும் மற்ற முத்திரைகள், உள்ளே இருக்கும் கடிதத்தின் மொழி ஆகியவற்றைக் கொண்டே எந்தக் கம்பம் என்று முடிவு கூற வேண்டும். தலையை மட்டும் பிய்த்து எடுத்தவனுக்கு இவற்றுள் ஒன்றும் எஞ்சாது.

வத்தலக்குண்டு ஆங்கிலத்தில் 'பட்லகுண்டு' ஆயிற்று, முதலெழுத்து 'பி'. கிரேக்கன் ஒருவன் இதைப் படித்தால் 'வ' என்றே தொடங்குவான், ஏனெனில் அந்த எழுத்தின் ஒலி இன்றைய கிரேக்கத்தில் வகரமே! சோழவந்தானில் உள்ள ழகரம் 'எல்' என்னும் எழுத்தாகியது, பழனியிலும் அவ்வாறே. ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. குறிலும் நெடிலும் ஒன்றாய்விடும். ஆதலின் முத்திரையைக் கண்ணால் மட்டும் படித்தல் ஆகாது. வாய்விட்டு ஒலித்துப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு ஒலித்துப் பார்க்கும்போது, ஆங்கிலேயர் நம் பெயர்களைச் சிதைத்தார்கள் என்று நாம் வழக்கமாகக் கூறும் குற்றச்சாட்டு ஓரளவு தளர்கிறது. பழைய முத்திரைகளில் மதுரை 'மதுரா' என்றிருக்கிறது. இறுதி ஐகாரம் சேர்ந்தது விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில்தான். ஆனால் மதுரை வீதியில் நின்று கேளுங்கள். 'மதுர' என்றுதானே மக்கள் சொல்கிறார்கள்? ஏட்டில் உள்ள ஐகாரத்தை எழுத்தன் எழுதவில்லை. காதில் விழுந்ததை எழுதினான். சோழவந்தானைச் 'சோளவந்தான்' என்பவர்களும் அப்பகுதியில் மிகப் பலர். ஏடு காட்டாத பேச்சொலியை முத்திரை காட்டுகிறது என்பதே என் கருத்து. மதுரையின் பெயர் ஒரே வடிவில் என்றும் நின்றதில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அழகர்மலைத் தமிழ்ப் பிராமி எழுத்துகளில் அது 'மதிரை'. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலிருந்து எழுதிய தாலமி என்னும் புவியியலறிஞர் நூலில் அது 'மொதூரா'.

தாலமியின் நூலில் நமக்குப் பயன்படும் நுட்பம் ஒன்று உண்டு. வடக்கே யமுனைக் கரையிலுள்ள மதுராவையும் அவர் 'மொதூரா' என்றே குறிக்கிறார். இரண்டும் ஒன்றெனப் பிறர் மயங்காதிருக்க, ஒன்றைத் 'தேவர்களின் மொதூரா' என்றும், மற்றொன்றைப் 'பாண்டியனின் அரசிருக்கையாகிய மொதூரா' என்றும் அடைமொழி கொடுத்துப் பிரித்தார். ஆங்கிலேயர் வேறு வழி கண்டனர். வடக்கே உள்ளதை 'முத்ரா' என்றும் தெற்கே உள்ளதை 'மதுரா' என்றும் எழுத்துக்கூட்டலால் வேறுபடுத்தினர். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பாண்டியன் மதுரை 625001. தேவர்களின் மதுரா 281001.

இனி, உடைந்த முத்திரைகள். பாதி தலைமேலும் பாதி உறைமேலும் விழுந்து, மைகுன்றி, சில எழுத்துகளே தெரியும் முத்திரைகள்தாம் மிகுதி. 'மதுரா' என்று மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவசரப்பட்டு மதுரை என்று எழுதிவிடக் கூடாது. கிழக்கே மானாமதுரை உண்டு. திண்டுக்கல்லுக்கு அப்பால் வடமதுரை உண்டு. முத்திரை வட்டமானது, பெயர் அதன் மேல்வளைவில் இருபுறமும் சமமாக நிற்குமாறு வெட்டப்படும். 'மதுரா' என்னும் எழுத்துகள் வளைவின் நடு உச்சியில் நின்றால் அது மதுரை. அவை வலப்பக்கமாகச் சரிந்து நின்றால், இடப்பக்கத்தில் சில எழுத்துகள் அழிந்தன என்பது உறுதி. அளவுகோலும் வட்டக்கருவியும் இருந்தால் எத்தனை எழுத்துகள் போயின என்பதையும் ஏறத்தாழக் கணக்கிடலாம். கணக்குப் பாடத்திற்கு இப்படியும் ஒரு பயன்!

'பட்டி' என்று முடியும் பெயர்களில் இவ்வழி முழுமையாகக் கைகொடுப்பதில்லை. உசிலம்பட்டி, வாடிப்பட்டி, ஆண்டிபட்டி, கொட்டாம்பட்டி என மதுரையைச் சூழ எத்தனை பட்டிகள்! டி. கல்லுப்பட்டி என்றும் ஜி. கல்லுப்பட்டி என்றும் ஒரே பெயருக்கு ஓரெழுத்து முன்னொட்டு வைத்துப் பிரித்திருக்கிறார்கள். முத்திரையில் முதலில் தேய்வது அந்த ஓரெழுத்தாகவே அமைந்துவிடுகிறது. விடுதலைக்குப் பின் முத்திரைகளில் தேவநாகரி எழுத்தும் சேர்ந்தது. அதில் குறில் நெடில் வேறுபாடு தெரியுமாதலால் சில ஐயங்கள் தீரும்.

ஆண்டு இரண்டு இலக்கத்தில் இருப்பதால் நூற்றாண்டு மயக்கம் வரலாம். அதற்குத் தலையே துணை: விக்டோரியா அரசி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என முகம் காலத்தைச் சொல்லும். அணாக் கணக்கில் விலை குறித்த தலையாயின், பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முற்பட்ட கடிதமே.

காலம் தெரிந்தால்தான் பெயர் மாற்றமும் விளங்கும். மதுரைக்குத் தெற்கேயுள்ள விருதுநகர் 1923 வரை விருதுபட்டி. காமராசர் 1903இல் பிறந்தது விருதுபட்டியில். அவர் வளர்ந்து அரசியலில் புகுந்த காலத்தில் அதே ஊர் விருதுநகர். பழைய முத்திரைக் கருவி பெயர் மாறிய அன்றே மாற்றப்பட்டிருக்கும் என்று எண்ணுவதும் தவறு. தேயும்வரை பயன்படுத்துவது அலுவலகங்களின் இயல்பு. கொடைக்கானல் செல்வோர் இறங்கும் இருப்புப்பாதை நிலையம் முன்னர் அம்மையநாயக்கனூர். பின்னர் 'கொடைக்கானல் ரோடு'. மலையேறிய ஆங்கிலேயர்க்கு வசதி, ஊருக்கு இழப்பு. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றி ஆணை வெளியிட்டுச் சில நாட்களில் திரும்பப் பெற்றது. நல்ல நோக்கம்தான்; ஆனால் ழகரத்திற்கும் நெடிலுக்கும் ஆங்கிலத்தில் எவ்வெழுத்து என்னும் பழைய வழக்கு அன்றும் தீரவில்லை.

பெயர் மாறுவது ஒருபுறம் இருக்க, ஊரே மறைந்ததும் உண்டு. மதுரையிலிருந்து கிழக்கே செல்லும் இருப்புப்பாதை மானாமதுரை, இராமநாதபுரம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி வரை சென்றது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், இலங்கைக்குச் செல்லும் பயணிகளும் கடிதங்களும் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்தன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அந்நகரம் அழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோருடன் ஒரு தொடர்வண்டியும் கடலுள் மூழ்கியது. இன்றும் மணலில் நிற்கும் இடிபாடுகளுள் ஒன்று அவ்வூரின் அஞ்சலகம்.

தனுஷ்கோடி முத்திரை பட்ட உறைகள் மதுரைப் பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய பெட்டிகளில் இன்னும் கிடத்தல் கூடும். கிடைத்தால் தண்ணீரில் ஊறவைத்துத் தலையைப் பிரித்தெடுக்க வேண்டாம். அந்நீளமான பெயர் பெரும்பாலும் தலைக்குள் அடங்கியிராது. 'தனுஷ்' உறையோடு போய், 'கோடி' மட்டும் கையில் நிற்கும்.