பெற்றோரின் உயரமும் பிள்ளையின் மணிக்கட்டும்

சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் ஒருவரிடம் ‘துணி எத்தனை மீட்டர் வரும்?’ என்று கேட்டால், அவர் இரண்டு வகையில் விடை சொல்லலாம். தறியில் நீளவாக்கில் போட்ட பாவு நூலின் அளவைக் கொண்டு கணக்கிடுவது ஒரு வகை. நெய்து சுருட்டியதை அளந்து, பாவில் மீதி எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது மற்றொரு வகை. ‘என் பிள்ளை எவ்வளவு உயரம் வளருவான்?’ என்ற கேள்விக்கும் மருத்துவம் இதே இரண்டு வழிகளைத்தான் வைத்திருக்கிறது. பெற்றோரின் உயரத்தைக் கொண்டு கணக்கிடுவது முதல் வழி; பிள்ளையின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு எந்த வயதுக்குரிய முதிர்ச்சியில் இருக்கிறது என்ற ‘எலும்பு வயதை’ப் பார்ப்பது இரண்டாவது.

முதல் வழியின் வேர் 1886இல் இருக்கிறது. ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 205 குடும்பங்களில் வளர்ந்து முடித்த 928 பிள்ளைகளின் உயரத்தைப் பெற்றோரின் உயரத்தோடு ஒப்பிட்டார்; பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் அளவுக்குக் கொண்டுவந்தார். இன்று அந்தப் பெருக்கலின் இடத்தில் 13 செ.மீ. நிற்கிறது. தாய், தந்தை உயரங்களைக் கூட்டி, மகனுக்கு 13 சேர்த்து, மகளுக்கு 13 கழித்து, வருவதைப் பாதியாக்குகிறோம். இரண்டாம் வழி பிறந்தது அமெரிக்காவில். கிரூலிச், பைல் இருவரும் கை எலும்புப் படங்களை வயதுவாரியாகத் தொகுத்து 1950இல் வெளியிட்டனர். எந்த எலும்பு வயதில் எத்தனை விழுக்காடு உயரம் முடிந்திருக்கும் என்ற அட்டவணையை பெய்லி, பின்னோ இருவரும் 1952இல் தந்தனர்.

ஒரே குடும்பத்தை இரண்டு தட்டிலும் வைத்துப் பார்ப்போம். தந்தை 165 செ.மீ., தாய் 152 செ.மீ. என்று கொள்வோம். முதல் கணக்கு மகனுக்கு 165, மகளுக்கு 152 என்கிறது. இப்போது மகனுக்கு எலும்பு வயது 13, உயரம் 145 என்றால், ஏறத்தாழ 88 விழுக்காடு முடிந்துவிட்டது. அட்டவணையும் 165 என்கிறது. மகளுக்கு எலும்பு வயது 13, உயரம் 146 என்றால், ஏறத்தாழ 96 விழுக்காடு முடிந்துவிட்டது, விடை 152. ஒன்று பிள்ளையைப் பார்க்கவே இல்லை, மற்றொன்று பெற்றோரைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

குணத்தில் இரண்டும் நேர் எதிர். பெற்றோர் கணக்கு பிள்ளை பிறந்த அன்று சொன்னதையே பதினைந்து வயதிலும் சொல்லும். எலும்புக் கணக்கை ஆண்டுதோறும் திருத்த வேண்டியிருக்கும். முன்னது அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே எண்ணைத் தரும். பின்னது இருவரையும் பிரித்துப் பார்க்கும். முன்னதற்கு அளவுகோல் போதும். பின்னதற்கு எக்ஸ்ரேயும் பழகிய கண்ணும் வேண்டும். முன்னது 8 முதல் 10 செ.மீ. வரை மேலோ கீழோ தவறலாம். பின்னதன் பிழை அதைவிடக் குறைவு என்றாலும், அதுவும் சில சென்டிமீட்டர் இடம் கேட்கிறது.

எதிர்பாராத உறவு இனிமேல்தான். இரண்டு வழிகளுமே வேறு யாரோ ஒருவரின் குழந்தைப் பருவத்தைக் கடன் வாங்குகின்றன. 165, 152 என்ற கணக்கை மறுபடி பாருங்கள்: மகனுக்குத் தந்தையின் உயரம், மகளுக்குத் தாயின் உயரம். பெற்றோர் வளர்ந்த காலமும் பிள்ளைகள் வளரும் காலமும் ஒன்றே என்று அந்தக் கணக்கு சொல்லாமல் சொல்கிறது. காமராசர் காலத்தின் மதிய உணவு, 1982இன் சத்துணவு, 2022இன் காலை உணவு என்று பள்ளித் தட்டு மாறிவந்த தமிழ்நாட்டில் இது எளிதில் ஒப்புக்கொள்ளக் கூடியதல்ல. தென் கொரியப் பெண்கள் ஒரே நூற்றாண்டில் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தார்கள். அங்கே தாயின் உயரத்தை நம்பியவர்கள் மகளைத் தலைமுறைதோறும் குறைத்தே மதித்திருப்பார்கள்.

எலும்புப் படம் இந்தக் கடனிலிருந்து தப்பியதாகத் தோன்றும், தப்பவில்லை. அந்தத் தொகுப்பில் இருப்பவை 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் கிளீவ்லாந்து நகரில், பெரும்பாலும் வசதியான வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் கைகள். அம்மாபேட்டைச் சிறுமியின் மணிக்கட்டை அந்தப் புத்தகத்தோடு ஒப்பிடும்போது, அவளருகே நாம் நிறுத்துவது அந்தப் பழைய பிள்ளைகளைத்தான். ஒன்றில் பெற்றோர் உண்ட சோறு ஒளிந்திருக்கிறது, மற்றொன்றில் அயலார் உண்ட ரொட்டி.

அப்படியானால் இரண்டையும் தள்ளிவிடலாமா? கூடாது. அவை ஒத்துப்போகும்போது நமக்கு நிம்மதி, முரண்படும்போதுதான் அறிவு. வகுப்பிலேயே குட்டையான பையனுக்கு, பெற்றோர் கணக்கு நன்றாக இருந்து எலும்பு வயது இரண்டாண்டு பின்தங்கியிருந்தால், அவன் தாமதமாக வளரும் பிள்ளையாக இருக்கலாம். பாவில் மீதி அதிகம். தைராய்டு சுரப்புக் குறைவும், உண்டது உடலில் ஒட்டாத நோயும் எலும்பைப் பின்தங்க வைக்கும் என்பதால், அதை மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும். மாறாக, வகுப்பிலேயே உயரமான எட்டு வயதுச் சிறுமியின் எலும்பு பதினொன்றைக் காட்டினால், இன்றைய உயரத்தில் மகிழ ஒன்றுமில்லை. அவளது பாவு சீக்கிரம் தீர்ந்துகொண்டிருக்கிறது.

பாவு முழுவதும் அப்படியே துணியாகிவிடுவதில்லை என்பது தறியில் அமர்ந்தவர்களுக்குத் தெரியும். பாவு நூல் குறுக்கே ஓடும் ஊடையின் மேலும் கீழுமாக வளைந்து செல்வதால், பாவைவிடத் துணி குட்டையாகவே வரும். எவ்வளவு குட்டை என்பதை ஊடையும் நெசவும் தீர்மானிக்கும். பிள்ளைக்கு ஊடை என்பது அன்றாடச் சோறும் உறக்கமும் நோயில்லா நாட்களும். பெற்றோர் கணக்கு பாவைச் சொல்கிறது, மணிக்கட்டு மீதியைச் சொல்கிறது. ஊடையை இரண்டும் சொல்வதில்லை. அதை அறிய ஒரே வழி, ஆண்டுக்கு இருமுறை பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளந்து எழுதிவைப்பது. நான்கு வயதுக்கும் பூப்புப் பருவத்துக்கும் இடையே ஆண்டுக்கு 5 செ.மீ. அளவில் கோடு ஏறிக்கொண்டிருந்தால் நெசவு நன்றாகவே நடக்கிறது.