வௌவாலின் செவி

வௌவால்கள் ஒலியைக் கேட்டு வாழும் முறையையும், அதை மனிதர் கண்டறிந்த வரலாற்றையும் பற்றியது இக்கட்டுரை. பூச்சி தின்னும் வௌவால்கள் தாம் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டே இருட்டில் வழியறிகின்றன. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துக் கழுப்பெரும்பாக்கத்தில் ஊரார் காத்துவரும் பழந்தின்னி வௌவால்களோ கண்ணையும் மூக்கையும் நம்புபவை. இரண்டையும் ஒன்றாக நினைப்பது பரவலான பிழை.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கிறது. தொடுவுணர்வில் தொடங்கி, நாக்கு, மூக்கு, கண் என ஏறி, ஐந்தாம் அறிவாகச் செவியை வைக்கிறது. கண்ணுக்கு மேற்படியில் காது! வௌவாலைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்ள மேலை அறிவியலுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் பிடித்தன.

1793இல் இத்தாலியரான ஸ்பல்லன்சானி, பார்வை பறிக்கப்பட்ட வௌவால்கள் எதிலும் மோதாமல் பறப்பதைக் கண்டார். மறு ஆண்டு ஜெனிவா அறுவை மருத்துவர் ஜூரின் வௌவால்களின் காதுகளை அடைத்துப் பறக்கவிட்டார். அவை தட்டுத் தடுமாறி மோதின. விடை அப்போதே கைக்கு வந்துவிட்டது. ஆனால், மனிதக் காதுக்கு எந்த ஒலியும் கேட்கவில்லையே! அதனால் பலர் நம்பவில்லை. இறக்கையின் தொடுவுணர்வுதான் காரணம் என்று பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே சொன்னார். அவர் பெயருக்கிருந்த மதிப்பில் அந்தக் கருத்தே நிலைத்தது. 1920இல் ஆங்கிலேய உடலியலாளர் ஹார்ட்ரிட்ஜ், நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியாக இருக்கலாம் என்றார். 1938இல் ஹார்வர்ட் மாணவர் டொனால்ட் கிரிஃபின், இயற்பியலாளர் பியர்ஸ் உருவாக்கியிருந்த மீயொலிக் கருவியின் முன்னே வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தார். அமைதியாக இருப்பதாக எல்லோரும் நினைத்த விலங்கு ஓயாமல் குரல் எழுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. பின்னர் சக மாணவர் காலம்போஸுடன் சேர்ந்து, காதையோ வாயையோ அடைத்தால் வௌவால் வழி தவறும் என்று நிறுவினார். காது மட்டும் போதாது, குரலும் வேண்டும் என்பதுதான் ஜூரினுக்குக் கிடைக்காத பாதி.

மனிதர் கேட்கும் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நடுவயதுக்குள் அதன் மேல்பகுதி பலருக்குத் தேய்ந்துவிடும். பூச்சியுண்ணும் வௌவால்கள் பலவற்றின் குரல் ஒரு லட்சம் ஹெர்ட்ஸையும் தாண்டுகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 1.7 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்ட குரல் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் திரும்பிவிடும். அந்த இடைவெளியிலிருந்து தொலைவை அறிகிறது வௌவால். தன் குரலே தன் காதைச் செவிடாக்கிவிடாதபடி, கத்தும் கணத்தில் நடுச்செவித் தசை இறுகி, எதிரொலி வருமுன் தளர்கிறது.

இந்தத் துறையில் தமிழ்நாட்டின் பங்கு பாடப்புத்தகங்களில் கிடைக்க வேண்டிய இடத்தைப் பெறவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் குகை வௌவால்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். வெளிச்சம் எட்டாத குகைக்குள் அடைக்கப்பட்ட இலைமூக்கு வௌவால்கள், கூட்டத்தார் வந்துபோகும் சந்தடியைக் கொண்டே அந்தி நேரத்தை அறிந்து தம் உடற்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டன என்று 1981இல் காட்டினர். சூரியனைப் பாராமலே பொழுது தெரிந்தது. 1987இல் அதே குழுவின் ஜி. மாரிமுத்துவும் ஜெர்மானியரான நாய்வைலரும், தவளை பிடிக்கும் மெகாடெர்மா லைரா வௌவாலைப் பற்றி எழுதினர். அசையாமல் இருக்கும் தவளையை அது கண்டுகொள்வதில்லை. தவளை நகரும் சரசரப்பு கேட்டதும் பாய்கிறது. இங்கே எதிரொலியைவிட இரையின் ஓசையே வழிகாட்டி.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ள கழுப்பெரும்பாக்கத்தில் பெரிய ஆலமரத்தில் தொங்குபவை வேறு இனம்: இந்தியப் பழந்தின்னி வௌவால். இறக்கை விரிப்பு ஒரு மீட்டரைத் தாண்டும். நரி போன்ற முகம், பெரிய கண், விளிம்பு முழு வளையமாகச் சேர்ந்த எளிய காது. நண்பகலில் இத்தகைய மரத்தடியில் நின்றால் மீயொலிக் கருவி எதுவும் தேவையில்லை. இடத்துக்குச் சண்டையிடும் கிறீச்சொலி தெளிவாகக் கேட்கும், ஒரு வாடை இறங்கும், வெயில் தாளாமல் சில ஒற்றை இறக்கையை விசிறிபோல் ஆட்டிக்கொண்டிருக்கும். எதிரொலி வழியறியும் திறன் இவற்றுக்கு இல்லை. ஆனால் கூட்டுவாழ்வு பெரிதும் குரலால் நடக்கிறது. ஆகவே திடீர் வெடிச்சத்தம் இவற்றைக் கிளப்பிவிடும். தொடர்ந்து நடந்தால் மரத்தையே விட்டுப் போய்விடும்.

ஊரார் இதைச் சோதனைக்கூடத்தில் கற்கவில்லை. தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வைக்காமல் இருந்துவருகிறார்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டியில் நீர்ப்பறவைகளுக்காக இதே வழக்கம் உண்டு. வெடியிலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கக் கூடாது என்று இந்திய அரசு விதி வகுத்தது 1999இல்தான். அந்த அளவுகூட மனிதக் காதுக்கு வலி தரக்கூடியது.

ஊரார் இப்படிக் காத்துவந்தபோதும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை ஐந்தாம் அட்டவணையில், எலியோடும் காக்கையோடும் சேர்த்து, தீங்குயிர் என்றே பட்டியலிட்டது. காட்டு மரங்களின் விதைகளை இரவெல்லாம் சுமந்து பரப்பும் உயிருக்கு அந்தப் பெயர் அரை நூற்றாண்டு ஒட்டியிருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்த அட்டவணை நீக்கப்பட்டது.