பொறியியற் கல்வியின் வாயில்களும் உப்புக்குளமும்: ஒரு வரலாற்று நோக்கு

உயர்கல்வியின் முடியெனப் போற்றப்படுவது கலாநிதிப் பட்டம். இலங்கையில் 2012 இல் வெளிவந்த தகைமைக் கட்டமைப்பு அதனைப் பன்னிரண்டாம் நிலையாகிய உச்சியில் வைத்தது. சிறப்பு இளமாணிப் பட்டம் ஆறாம் நிலை. முதுதத்துவமாணி பதினோராம் நிலை. பொறியியலிலோ கணினி விஞ்ஞானத்திலோ கலாநிதி ஆய்வை நாடுபவர் நல்ல வகுப்புச் சித்தியுடன் கூடிய சிறப்புப் பட்டத்தையோ முதுநிலைத் தகைமையையோ பெற்றிருத்தல் வேண்டும். பின்னர் மேற்பார்வையாளர், ஆய்வுத் திட்டம், ஆய்வேடு, வாய்மொழிப் பரீட்சை எனப் படிகள் தொடரும். இவ்விதிகளில் மொழிக்கோ மாவட்டத்துக்கோ இடமில்லை. ஆயினும், அவ்வாயிலை அடைவோர் யாவர் என்பது பல்லாண்டுகளுக்கு முன்னரே, பல்கலைக்கழக அனுமதியின்போது பெரிதும் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. மன்னார் நகரைச் சார்ந்த உப்புக்குளத்தில் நின்று நோக்குவோர்க்கு இவ்வுண்மை நன்கு புலனாகும்.

இலங்கையில் பொறியியற் கல்வி 1893 இல் நிறுவப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரியில் வேரூன்றியது. பொறியியற் பீடம் 1950 இல் கொழும்பில் தொடங்கி, 1964 இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. 1966 இல் கட்டுபெத்தையில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. அக்காலத்தில் கலாநிதிப் பட்டம் நாடியோர் பெரும்பாலும் கடல் கடந்தனர். மண் பொறியியலில் புகழ்பெற்ற அ. துரைராஜா கேம்பிரிட்ஜிலும், நாட்டின் கணினிக் கல்விக்கு வித்திட்ட வி. கே. சமரநாயக்க லண்டனிலும் அப்பட்டத்தைப் பெற்றனர். இருவரும் முதலில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்தவர்கள் என்பது ஈண்டு நினைவுகொள்ளத் தக்கது.

அந்த முதல் வாயில் 1970களில் மாற்றியமைக்கப்பட்டது. 1970/71 அனுமதியில் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளிகளுடன் நுழைய முடிந்தது; தமிழ்மொழி மூல மாணவர் 250 பெற வேண்டியிருந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் தொடர்ந்தது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் அதனுடன் சேர்ந்தது.

இம்மாற்றங்களைத் தமிழர் வரலாறு யாழ்ப்பாணத்தின் இழப்பாகவே பெரிதும் பதிவு செய்துள்ளது. அது நியாயமான பதிவே. ஆனால் முழுமையான பதிவன்று. ஆய்வுகூடமும் கணித ஆசிரியரும் அரிதாயிருந்த மன்னார் போன்ற மாவட்டங்களுக்கு ஒதுக்கீடு ஒரு சிறு வழியைத் திறந்தது. 1970களின் இறுதியில் வந்த திருத்தம் திறமைக்கு 30 வீதமும், மாவட்ட மக்கள்தொகைக்கு 55 வீதமும், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 வீதமும் வழங்கியது. மொழியால் தண்டித்த முறையே இடத்தால் உதவவும் செய்தது என்னும் முரண் ஆழ்ந்து நோக்கற்பாலது.

எனினும், மாவட்டத்தை அளவுகோலாகக் கொண்ட நீதி, மக்கள் தம் மாவட்டத்தில் வாழ்வர் என்னும் நம்பிக்கையின் மீது எழுந்ததாகும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்நம்பிக்கை சிதைந்தது. உப்புக்குளத்து முஸ்லிம்களும் மன்னார்த் தீவைவிட்டு நீங்கினர். மன்னாரிலிருந்து சென்றோரிற் பலர் கற்பிட்டி, புத்தளம் பகுதிகளில் அகதிகளாயினர். பொதுவாக, மாணவர் பயின்ற பாடசாலை அமைந்த இடமே அவர்தம் மாவட்டத்தை நிர்ணயிக்கும். அவ்வாறாயின், ஊரையும் பாடசாலையையும் ஒருங்கே இழந்த பிள்ளையின் மாவட்டம் எது? இடத்தை மட்டும் அளக்கும் விதியிடம் இவ்வினாவுக்கு எளிய விடையில்லை.

போரின் பின்னர் வாயில்கள் அருகில் வந்துள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய பங்கு பின்னர் 5 வீதமாகக் குறைக்கப்பட்டபோதும், மன்னார் அப்பட்டியலில் இடம்பெற்றே வந்துள்ளது.

ஒதுக்கீடு மாணவரைப் பீடத்தின் வாயில்வரை கொணரும்; அதற்கப்பாலுள்ள வகுப்புச் சித்தியையும் ஆய்வுத் திறனையும் அது வழங்காது. அவற்றின் அடித்தளம் ஊர்ப் பாடசாலையின் கணித வகுப்பிலேயே இடப்படுகின்றது. கலாநிதிப் பட்டத்தின் விதிகள் யாவர்க்கும் பொதுவானவை என்று பெருமை கொள்வதற்கு முன்னர், உப்புக்குளத்துப் பிள்ளைக்கு அவ்வகுப்பு கிடைத்துள்ளதா என வினவுவதே வரலாறு கற்பிக்கும் கடமையாகும்.