எபிசோட்: பாம்புக்கு அரை ஏக்கர்

இன்னைக்குக் கதை கலிபோர்னியாவில். சாக்ரமென்டோ நகருக்கு வடக்கே நடோமஸ்னு ஒரு பள்ளமான சமவெளி இருக்கு, ஏறக்குறைய 53,000 ஏக்கர். அதில் வீடு கட்டணும்னு நகரம் கிளம்பினப்போ குறுக்கே வந்தது ஒரு தண்ணீர்ப் பாம்பு. பேர் ஜயன்ட் கார்ட்டர் பாம்பு. ஐந்தடிக்கு மேல் வளரும், மீனும் தவளையும்தான் சாப்பாடு, மனுஷனுக்கு ஆபத்து கிடையாது.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஆறுகள் பொங்கி வழிந்து, கோரை மண்டிக் கிடந்த பெரிய சதுப்பு நிலம். அணை, கரை, வடிகால் எல்லாம் வந்த பிறகு அதில் 90 சதவீதத்துக்கு மேல் காணாமல் போச்சு. நடோமஸிலும் அதேதான். 1911-ல் ‘ரெக்லமேஷன் டிஸ்ட்ரிக்ட் 1000’ என்ற அமைப்பு உருவாகி, சுற்றிலும் கரை கட்டி, தண்ணியை வடித்து, நிலத்தை விவசாயத்துக்குக் கொண்டுவந்தது.

பாம்பு ஏன் அப்பவே அழியலை? நெல்லால்தான். வயலில் தேங்கும் தண்ணி, வாய்க்கால், வரப்பு, வரப்போரப் பொந்து, இதெல்லாம் சேர்ந்து பழைய சதுப்புக்கு ஒரு மாற்று வீடா அமைஞ்சது. கோடை முழுக்க தண்ணியில் வேட்டை, குளிர்காலத்தில் மேட்டுப் பொந்தில் உறக்கம். நெல் இல்லாத தெற்குப் பக்கத்தில், டுலாரே ஏரி வற்றடிக்கப்பட்ட பகுதியில், இந்தப் பாம்பே இல்லாமல் போயிடுச்சு. 1971-ல் மாநில அரசும், 1993-ல் மத்திய அரசும் இதைப் பாதுகாக்கப்பட்ட உயிரினமா அறிவிச்சாங்க.

சரி, ஒரு கட்டுமானத்தால் பாம்புக்கு என்ன பாதிப்புன்னு எப்படி மதிப்பிடுவாங்க? இது கூச்ச சுபாவம் உள்ள பாம்பு, லேசில் கண்ணில் படாது. ஒருநாள் போய்ப் பார்த்துட்டு “இங்கே பாம்பு இல்லை”ன்னு எழுதிட முடியாது. அதனால் பாம்பைத் தேடுறதைவிட வாழிடத்தைத்தான் அளக்கிறாங்க: கோடையில் தண்ணி நிற்குதா, ஒளிய கோரை இருக்கா, வெள்ளம் எட்டாத மேட்டில் பொந்து இருக்கா? இதெல்லாம் இருந்தா பாம்பு இருக்குன்னே வெச்சுக்கிட்டு வேலையைத் திட்டமிடணும்.

1997-ல் மத்திய வனவிலங்குத் துறை இதுக்கு விதிகளை எழுதி வெச்சது. மண் வேலை மே 1 முதல் அக்டோபர் 1 வரைதான். கோடையில் ஏன்? அப்போதான் பாம்பு விழிப்பா இருக்கும், இயந்திரம் வந்தா நகர்ந்து போகும். குளிரில் தோண்டினா உறங்குற பாம்பு உயிரோடு புதையும். வாய்க்காலை வற்றவிட்டா, ஏப்ரல் 15-க்குப் பிறகு தொடர்ந்து 15 நாளாவது காய்ஞ்சு கிடந்த பிறகுதான் தோண்டணும். இரை இல்லைன்னா பாம்பு தானே வெளியேறிடும் என்பது கணக்கு.

ஆனா இந்த விதிகள் எல்லாம் ஒரு வேலைத்தளத்துக்கானது. ஒரு சமவெளியே நகரமா மாறும்போது? 1973-ன் அழிநிலை உயிரினச் சட்டம், பாம்பைக் கொல்றதையும் தடுக்குது, வாழிடத்தை அழிச்சு அதுக்குத் தீங்கு செய்றதையும் தடுக்குது. 1982-ல் அதில் ஒரு வாசல் திறந்தாங்க: நடைமுறையில் முடிஞ்ச அளவுக்கு முழுசா ஈடு செய்தா, தற்செயலா நடக்குற பாதிப்புக்கு அனுமதி. நடோமஸ் அந்த வாசல் வழியா 1997-ல் நுழைஞ்சது. கட்டப்படும் ஒவ்வொரு ஏக்கருக்கும் கட்டணம் வாங்கி, அரை ஏக்கர் நிலத்தைப் பாம்புக்கும் மற்ற உயிர்களுக்கும் நிரந்தரமா ஒதுக்கணும்.

2000-ல் மத்திய நீதிபதி டேவிட் லெவி அந்த அனுமதியை ரத்து பண்ணினார். அவர் கேட்ட கேள்விகள் ரொம்ப நேரடியானவை. திட்டம் மொத்தச் சமவெளிக்கும், ஆனா கையெழுத்துப் போட்டது சாக்ரமென்டோ நகரம் மட்டும். மற்றவங்க சேரலைன்னா பணம் எங்கிருந்து வரும்? அரை ஏக்கர்தான் முடிஞ்ச அளவு என்பதுக்கு ஆதாரம் எங்கே?

2003-ல் திட்டத்தைத் திருத்தி எழுதினாங்க. மொத்தக் கட்டுமானம் 17,500 ஏக்கர், அதில் நகரத்தின் பங்கு 8,050. ஒதுக்க வேண்டியது 8,750 ஏக்கர்: பாதி நெல் வயல், கால் பங்கு பராமரிக்கப்படும் சதுப்பு, கால் பங்கு மேட்டு நிலம். அரை ஏக்கர் விகிதம் மாறலை. இந்த முறை, 2005-ல், நீதிமன்றம் ஏத்துக்கிச்சு.

என் கண்ணுக்கு இதில் பெரிய டிபென்டென்சி ஒண்ணு தெரியுது. அரை ஏக்கர் போதும் என்ற கணக்கு, 17,500-க்கு வெளியே உள்ள நிலம் விவசாயமாவே தொடரும் என்ற நம்பிக்கையில் நிக்குது. அந்த நிலத்துக்கு யாரும் கட்டணம் கட்டலை. அங்கே நெல் போடுறதும் போடாததும் விவசாயி விருப்பம். நெல் விலை சரிஞ்சாலோ வறட்சி வந்தாலோ, வாய்க்காலில் தண்ணி நிற்காது. எல்லைக்கு வெளியே கட்ட புதுப்புது முன்மொழிவுகளும் வந்துக்கிட்டேதான் இருக்கு.

வேடிக்கை என்னன்னா, 2008-ல் இங்கே வீடு கட்டுறது பல வருஷத்துக்கு நின்னுது. காரணம் பாம்பு இல்லை, கரை. வெள்ளத்தைத் தாங்காதுன்னு மத்திய அரசு சொல்லிடுச்சு. கரையைப் பலப்படுத்தி, 2015-ல்தான் திரும்ப அனுமதி கிடைச்சது. பாம்பு வாழத் தோதான அதே பள்ளம்தான் மனுஷன் வீட்டில் வெள்ளம் புகவும் தோது.

அடுத்த தடவை ஒரு திட்ட அறிக்கையில் “ஈடு செய்யப்படும்”னு படிச்சா, எத்தனை ஏக்கர்னு மட்டும் பார்க்காதீங்க. சுத்தி இருக்கிற எந்த நிலம் அப்படியே இருக்கும்னு நம்பி அந்தக் கணக்கைப் போட்டாங்கன்னும் தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.